மகவுக்கு இடும் திருப்பெயர்

தோற்றுவாய்

தொண்டை நன்னாட்டில், காஞ்சிபுர மாவட்டம் திருப்பெரும்பூதூர் வட்டத்தைச் சார்ந்தது மண்ணூர் என்னும் ஊர். அதற்கு மேற்றிசையில், ஆளுடைய பிள்ளையாரது பதிகம் பெற்ற திருவிற்கோலமும் திருஇலம்பையங்கோட்டூரும் விளங்குகின்றன. முன்னது இக்காலத்துக் கூவம் எனவும், பின்னது எலுமியன்கோட்டூர் எனவும் வழங்கும். கீழ்த்திசையில் தெய்வச் சேக்கிழார் பிறந்தருளிய குன்றத்தூர் உளது. தென்மேற்கே, வைணவ ஆசாரியராகிய இராமாநுசர் தோன்றிய திருப்பெரும்பூதூர் அமைந்துளது. ஏரியும் வயலுமாக இருந்த இந்நிலப்பரப்பில், இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஒரகடம் ஈறாகத் தொழிற்சாலைகள் நிரம்பிவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகள் செய்யப்படுகின்றன. தமிழகத்துப் பல மாவட்டத்தாரும் வடநாட்டாரும் தொழில் கருதி ஈண்டு வந்து குடியேறி வாழ்கின்றனர்.

குடியேறிய இல்லங்களில் மகப்பேறு நிகழுங்கால் முதற்கண் எழும் வினா, குழந்தைக்கு யாது பெயர் இடுவது என்பதே. சொந்த ஊரில் இருந்தபோது இவ்வினாவுக்கு விடை எளிது. பாட்டன் பெயரோ குலதெய்வத்தின் பெயரோ தானே வந்து நிற்கும். ஊர் நீங்கிய வாழ்வில் அவ்வழக்கு நெகிழ்ந்துவிட்டமையின், எண்கணிதம் வல்லாரும் நாண்மீன் எழுத்துக் கூறுவாரும் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டனர். சைவ இல்லங்களிலோ இரண்டு கருத்துக்கள் நிலவக் காண்கின்றோம். ஒரு சாரார், இறைவன் பெயரோ அடியார் பெயரோ இட்டால் அதுவே மகவுக்குக் காப்பாய் நின்று நோயும் விபத்தும் அணுகாது தடுக்கும் என்பர். மற்றொரு சாரார், தூய பெயரை இட்டுப் பின்னர் அதனைச் சினத்திலும் விளையாட்டிலும் சிதைத்து அழைத்தல் அபசாரமாம். ஆதலின் அத்தகைய பெயரை இடாமையே நன்று என்பர்.

இவ்விரு கருத்தினுள் நம் அருளாளர் வரலாற்றோடும் சித்தாந்த நெறியோடும் ஒப்பது யாது? அன்றி, இரண்டும் ஒவ்வாதனவோ? இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டை வழக்கு

பெயரிடுதல் வடநூல்களில் நாமகரணம் எனப்படும். மனுநூல் பத்தாம் நாளிலாவது பன்னிரண்டாம் நாளிலாவது அதனைச் செய்க என்னும். ஆசுவலாயனரது கிருகிய சூத்திரம், ஆண் மகவுக்கு இரட்டைப்பட்ட அசையும் பெண் மகவுக்கு ஒற்றைப்பட்ட அசையும் அமையவேண்டும் என விதிப்பதோடு, தாய் தந்தையர் மாத்திரமே அறிந்த மறைபெயர் ஒன்றும் உண்டு எனக் கூறும். இவ்விதிகள் பெரும்பாலும் ஓசையையும் பொருளையும் பற்றியன. ஓர் அடியாரை நினைந்து அவர் பெயரை மகவுக்கு வைத்தல் என்னும் கருத்து இவற்றில் தலைமை பெறவில்லை.

தமிழ் வழக்கோ வேறொரு திறத்தது. மகனுடைய மகனைப் ‘பெயரன்’ என்றனர் நம் முன்னோர். அச்சொல்லே ‘பேரன்’ என மருவிற்று. முன்னோன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஐங்குறுநூற்றில், தந்தையின் பெயரைத் தாங்கிய புதல்வன் தளர்நடையிட்டுச் சிறுதேர் உருட்டுவதைக் கண்டு ஒரு தலைவன் உள்ளம் பூரிக்கும் செய்தி வருகின்றது. ஆகவே, தமிழர்க்குப் பெயர் என்பது மங்கல ஓசை மாத்திரம் அன்று; முன் வாழ்ந்த ஒருவரின் வாழ்வோடு பின்வந்த ஒருவனைப் பிணிக்கும் கயிறு ஆகும். அக்கயிற்றின் ஒரு தலை குருதியுறவிற் கட்டுண்டிருந்தது. அதனை அவிழ்த்து அன்புறவிற் கட்டிய பெருமை சைவ அடியார்க்கே உரியது என்பதை மேலே காண்போம்.

நாவரசர் பெற்ற பெயர்கள்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் தம் மகனார்க்கு இட்ட பெயர் மருணீக்கியார் என்பது. அவர் சமண் சமயம் புக்குப் பாடலியில் தலைமை பெற்றிருந்த நாளில் தருமசேனர் எனப்பட்டார். சூலை நோய் கொண்டு, தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகையில் முதற்பதிகம் பாடியபோது, நாவுக்கரசு என்னும் பெயரை இறைவனே அளித்தருளினான் என்பர் சேக்கிழார். பின்னர்ச் சீகாழியில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் ‘அப்பரே’ என்றழைக்க, அதுவும் ஒரு பெயராயிற்று.

பெற்றோர் இட்டது ஒன்று. புறச்சமயத்தார் இட்டது ஒன்று. இறைவன் இட்டது ஒன்று. அடியார் அன்பினால் அழைத்தது ஒன்று. ஒரே உயிர் நான்கு நிலைகளில் நான்கு பெயர் பெற்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்தத்திற்கு இப்பெயர் வரலாறே ஓர் எடுத்துக்காட்டு எனலாம். மருளை நீக்குபவர் எனப் பொருள்படும் பெயரைப் பெற்றோர் இட்டிருந்தும், அப்பெயர் அவரைப் புறச்சமயம் புகாமல் தடுத்திலது என்பதையும் ஈண்டே மனத்துட்கொள்க. பின்னர் இது பயன்படும்.

திங்களூர்

திருவையாற்றுக்கு அணித்தாகிய திங்களூரில் வாழ்ந்த அந்தணர் அப்பூதியடிகள். அவர் நாவுக்கரசரைக் கண்டவர் அல்லர். அவரது சீர்த்தியைக் கேட்டவர். கேட்ட அளவிலே அவர் திருவடிக்கு ஆளாகித் தம் மக்கள் இருவர்க்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என அவர்கள் வழங்கப்பட்டனர். மக்களோடு அமையாது, இல்லத்துள்ள அளவைகள், துலாக்கோல், பசு, எருமை முதலாய யாவற்றையும் அப்பெயராலேயே வழங்கினார். தண்ணீர்ப்பந்தர், குளம் முதலிய அறங்களும் அப்பெயரால் நடந்தன.

இவ்வரலாற்றுக்குச் சான்றுகள் படிப்படியாக அமைந்துள்ளன. நாவரசர் தாமே திருப்பழனத் திருப்பதிகத்தில், அழலோம்பும் அந்தணராகிய அப்பூதியாரைப் பெயர் சுட்டிப் போற்றியுள்ளார். ஆகவே அப்பூதியடிகள் கற்பனை மாந்தர் அல்லர். நாவரசரின் காலத்தவர் என்பது ஏழாம் நூற்றாண்டு நூலாலேயே துணியப்படும். நம்பியாரூரர் திருத்தொண்டத்தொகையில் அவரை வணங்கினார். நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் தண்ணீர்ப்பந்தரையும் பெயரிட்ட செயலையும் சுட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் அரசாண்ட 1133 முதல் 1150 வரையான காலப்பகுதியில், குன்றத்தூர்ச் சேக்கிழார் அதனை முழு வரலாறாக விரித்தார்.

அவ்வரலாற்றின் உயிர்நிலை, நாவரசரும் அப்பூதியாரும் முதன்முதற் சந்தித்து உரையாடும் பகுதி. வழிவந்த நாவரசர் தம் பெயர் பொறித்த தண்ணீர்ப்பந்தரைக் கண்டு வியந்து, அதனை அமைத்தாரது இல்லம் வினவிச் சென்றார். சென்று, நும் பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதியது எதனாலென வினவினார். ‘வேறொரு பெயர்’ என்ற அச்சொல்லே அப்பூதியாரைச் சுட்டது. வரவேற்று வணங்கிய விருந்தினரிடத்தும் அவர் வெகுண்டு, கல்லைத் தெப்பமாகக் கொண்டு கடலைக் கடந்த பெருமானின் பெயரையோ வேறொரு பெயர் என்றீர், நீவிர் யாரென வினவினார். அதன் பின்னரே நாவரசர், சூலை தந்து ஆட்கொள்ளப்பட்ட எளியன் யான் எனத் தம்மை அறிவித்தார்.

இவ்விடத்தில் நுனித்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அப்பூதியார்க்கு அப்பெயர் ‘வேறொருவர்’ பெயராகத் தோன்றவில்லை. தம் பெயரை எழுதவேண்டிய இடத்தில் அதனை எழுதினாரெனின், ‘யான், எனது’ என்னும் செருக்கு நிற்கும் இடத்தில் அடியாரை நிறுத்தினார் என்பது பெறப்படும். மகனுக்குத் தன் குடிப்பெயர் இட்டுத் தன்னை நீட்டித்துக்கொள்ளுதல் உலகியல்பு. அப்பூதியார் அந்நீட்சியை அறுத்து, அவ்விடத்தே அடியாரை வைத்தார். மேலும், மருணீக்கியார் என்னும் இயற்பெயரையேனும் அப்பர் என்னும் உறவுப் பெயரையேனும் அவர் கொள்ளாது, இறைவன் இட்ட பெயரையே கொண்டமையும் கருதத்தக்கது. அருளினாற் பிறந்த பெயரே அடுத்த தலைமுறைக்கு இடத்தகும் என்பது அவர் உள்ளக்கிடக்கை போலும்.

அரவு தீண்டிய மகன்

திருப்பெயர் மகவுக்குக் காப்பு என்பாரை இனி நோக்குவோம். நாவரசர்க்கு அமுது சமைத்தபின், வாழைக்குருத்து அரிந்துவரப் போந்தவன் மூத்த திருநாவுக்கரசு. அவனையே அரவு தீண்டிற்று. நஞ்சு தலைக்கேறுமுன் ஓடிவந்து குருத்தினைத் தாய் கையிற் கொடுத்து, அடியார் அமுதுக்குத் தடை நேரும் என்று அஞ்சித் தன்னைப் பாம்பு கடித்ததைச் சொல்லாமலே வீழ்ந்து உயிர் நீத்தான். பெற்றோரும் அவன் உடலை மறைத்து, அடியாரை அமுது செய்விக்க முற்பட்டனர். நாவரசர் மூத்த மகனை அழைக்கச் சொன்னபோதும், இப்போது அவன் இங்கு உதவான் என்ற அளவிலே நின்றனர். உண்மை வெளிப்பட்டபின், நாவரசர் திருக்கோயில் முன் பதிகம் பாட, மகன் உறங்கி எழுந்தான் போல எழுந்தான்.

பெயர் காப்பாயின், திருநாவுக்கரசு என்னும் பெயர் தாங்கிய அம்மகனை அரவு எங்ஙனம் தீண்டும்? பெயரிட்டவர் அப்பூதியடிகள் போன்ற பேரன்பர். பெயருக்குரியவர் அப்போது அவ்வில்லத்திலேயே எழுந்தருளியிருந்தார். இவ்விரண்டும் ஒருங்கு கூடியிருந்தும் பெயர் அரவைத் தடுத்திலது. உயிர் மீண்டது பதிகத்தின் வழி வெளிப்பட்ட இறைவன் திருவருளால். எனவே, பெயரைத் தாயத்தாகக் கருதுதல் பெரியபுராணத்தோடு முரணும் என்பது வெள்ளிடைமலை.

அற்றேல், அப்பெயர் மகனுக்குச் செய்தது யாது? தான் சாகின்ற நேரத்தும் அடியாரது பசியை நினைக்கும் உள்ளத்தை அது அவனுள் வளர்த்தது. நாள்தோறும் அப்பெயராலே அழைக்கப்பட்டு, அப்பெயருக்குரியார் யாவர் எனக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளையாதலால், அடியார் திருத்தொண்டு அவனுக்கு இயல்பாயிற்று. பெயர் உடலைக் காத்திலது, உயிரைப் பக்குவப்படுத்திற்று. மலம் நீங்குதற்குப் பக்குவமே வேண்டப்படுவது என்பது சித்தாந்தம். ஆதலின் பெயரின் பயன் அதன் ஓசையில் இல்லை. அதனோடு ஊட்டப்படும் நினைவில் உள்ளது என்க.

அளவையும் துலையும்

பசுவுக்கும் எருமைக்கும் அளவைக்கும் அடியார் பெயரிட்டார் என்பது உயர்வு நவிற்சி என ஐயுறுவார் உளர். கல்வெட்டுக்களை நோக்கின் அவ்வையம் நீங்கும். தஞ்சை இராசராசேச்சரத்தில் நெல் அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்பது பெயர். பொன் நிறுத்த கல்லுக்கும் அதுவே பெயர். மணிகளை நிறுத்த கல்லுக்குத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்பது பெயர். அருண்மொழிதேவன் என்னும் அரசன் பெயர் பூண்ட மரக்காலும் சோழர் கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றது. இறைவன் பெயரால் வழங்கிய அளவையைக் கண்ணாற் கண்டு வாழ்ந்த காலத்தவர் சேக்கிழார். ஆதலின் அப்பூதியார் இல்லத்து அளவை பற்றிய செய்தி அவர் காலத்தார்க்கு வியப்பாயிராது, நன்கறிந்த வழக்கே.

அளவைக்கு அடியார் பெயர் எதற்கு? அப்பெயரால் அளப்பவன் குறைத்து அளக்க நாணுவான். துலாக்கோலைத் திருநாவுக்கரசு என்று எடுத்தபின் அதன் முள்ளைச் சாய்த்தல் இயலுமோ? பெயர் ஈண்டு ஆணையாகி நிற்கின்றது. அளவைக்கு ஒத்த இந்நீதி மகவுக்கும் ஒக்கும். திருப்பெயர் தாங்கிய மகனைப் பொய்யிலும் சூதிலும் வளர்த்தல், திருப்பெயர் பொறித்த மரக்காலாற் குறைத்து அளத்தலோடு ஒக்கும். எனவே, பெயரிடுதல் மகவின்மேற் சுமத்தும் கடமை என்பதினும், பெற்றோர் தம்மேல் ஏற்றுக்கொள்ளும் நோன்பு என்பதே பொருந்தும்.

சேக்கிழாரது இயற்பெயர் அருண்மொழித்தேவர் என்பதும், அவர் தம்பியார் பெயர் பாலறாவாயர் என்பதும் சேக்கிழார் புராணத்தால் அறியப்படும். முன்னது இராசராச சோழனது இயற்பெயரோடு ஒப்பது. பின்னது ஞானப்பால் உண்ட பிள்ளையாரை நினைப்பிப்பது. ஒரே இல்லத்தில் அரசன் பெயரும் அடியார் பெயரும் உடன்பிறந்தன. திருப்பெயர் பூண்ட தம்பியோடு வளர்ந்த பெருமானே, திருப்பெயரிட்ட அப்பூதியாரின் அன்பை அத்துணை நுட்பமாக உணர்ந்து பாடினார் என்பது நினைக்குந்தோறும் இன்பம் பயப்பது.

புனிதவதியார் பெயர் பெற்ற மகள்

பெரியபுராணத்தில் மகப்பெயர் பற்றிய செய்தி மற்றொன்று உளது. காரைக்காலிற் புனிதவதியாரின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய பரமதத்தன் அவரைப் பிரிந்து கடல்வழி சென்று, பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறு மணம் புரிந்து, பிறந்த பெண் மகவுக்குப் புனிதவதியார் பெயரையே இட்டான். பின்னர் அம்மையாரை உறவினர் அங்குக் கொண்டுசென்றபோது, மனைவியோடும் மகளோடும் அவர் திருவடியில் வீழ்ந்து, இவர் மானிடர் அல்லர். இவர் பெயரையே இம்மகவுக்கு இட்டேன் என்றான்.

அப்பூதியாரும் பரமதத்தனும் செய்த செயல் ஒன்றே, உள்ளம் வேறு. முன்னவர் காணாமலே அன்பு கொண்டார். பின்னவன் கண்டும் அஞ்சி நீங்கினான். அன்பினால் இட்ட பெயர் அடியாரைத் தேடி இல்லத்திற்கே அழைத்துவந்தது. அச்சத்தினால் இட்ட பெயர் வணங்கிவிட்டு விலகி நிற்கச் செய்தது. பரமதத்தன் செயலும் பழிக்கத்தக்கதன்று. தெய்வத்தன்மையை உணர்ந்து வணங்குதலும் ஒரு படியே. எனினும் சேக்கிழார் திருத்தொண்டராக வைத்துப் பாடியது அப்பூதியாரையே என்பதை மறத்தலாகாது.

அம்மையார் வரலாற்றில் அடுத்து நிகழ்வதும் பெயர் பற்றியதே. கயிலையில் இறைவன் அவரை ‘அம்மை’ என அழைத்தான். மானிடத் தந்தை இட்ட புனிதவதி என்னும் பெயரினும், இறைவன் அழைத்த அப்பெயரே காரைக்காலம்மையார் என நிலைபெற்றது. அவர் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த திருவாலங்காடு இத்தொண்டைநாட்டதே.

தீக்கைப் பெயர்

பிறந்தபோது இடும் பெயரோடு, சிவதீக்கை பெறும்போது இடும் பெயர் ஒன்றும் சைவர்க்கு உண்டு. தீக்கையில் மாணாக்கன் கண்ணை மறைத்து, அவன் கையிற் கொடுத்த மலரை மண்டலத்தில் இடச் செய்து, மலர் வீழ்ந்த இடத்திற்கு ஏற்பப் பெயரிடுதல் ஆகம முறை. அகோரசிவாசாரியர் 1158-இல் இயற்றிய கிரியாக்கிரமத்யோதிகை முதலிய பத்ததி நூல்களில் தீக்கைக் கிரியைகள் விரிக்கப்பட்டுள்ளன.

இதற்குத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு நேர்ச்சான்று பகர்கின்றது. முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பம் செய்தற்கு நாற்பத்தெண்மரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமைத்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் நெல் முக்குறுணி அளந்தான். அவர்களுடைய இயற்பெயரும் தீக்கைப்பெயரும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. இயற்பெயர்களுள் அம்பலத்தாடி, சீருடைக்கழல், செம்பொற்சோதி, திருநாவுக்கரையன், நம்பியாரூரன் என்பன போல்வன உள்ளன. தீக்கைப்பெயர்களோ சதாசிவன், ஞானசிவன், அகோரசிவன், இருதயசிவன், நேத்திரசிவன் எனச் ‘சிவன்’ என்றே முடிவன. சிவபெருமானின் திருமுகங்களையும் அங்கங்களையும் பற்றியன பல.

இயற்பெயர் பெற்றோரது அன்பைக் காட்டுகின்றது. தீக்கைப்பெயர் ஆசிரியரது அருளைக் காட்டுகின்றது. பெற்றோர் அடியாரையும் பதிகத் தொடரையும் நினைந்து பெயரிட்டனர். ஆசிரியர் சிவத்தையே பெயராக்கினார். அக்கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகளாக அமர்த்தப்பட்ட நானூற்றுவர் பெயர்களிலும் பரவை, எடுத்தபாதம் என்பன போல்வன வருகின்றன. ஆடல் மகளிரும் பாடுவாரும் திருமுறையின் சொற்களையே பெயராகத் தாங்கித் திரிந்தனர். இப்பெயர்ப் பட்டியலைப் படிப்பார்க்கு, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தே தேவாரம் ஏட்டளவில் நில்லாது இல்லந்தோறும் தொட்டிலருகே புகுந்துவிட்டது என்பது தெளிவாகும்.

மெய்கண்டார்

நம் சித்தாந்த முதலாசிரியர் வரலாறும் பெயரிலேயே தொடங்குகின்றது. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறு வேண்டித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தனர். தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்க, திருவெண்காட்டு முக்குளநீர் ஆடுவார் மகப்பேறு பெறுவர் என அறிவிக்கும் பிள்ளையார் பதிகம் கிட்டியது. அத்தலத்தை வழிபட்டுப் பெற்ற மகனார்க்கு, அவ்விறைவன் பெயராகிய சுவேதவனப்பெருமாள் என்பதையே இட்டனர். தந்தையார் பெயர் திருமாலுக்குரியதாகிய அச்சுதன் என்பது; மகனார் பெயர் வெண்காடர் பெயர். ஒரு தலைமுறையிற் பெயரின் வழி மாறியது. வெறுப்பினால் அன்று, பெற்ற அருளை மறவாமையினால்.

பின்னர்ப் பரஞ்சோதி முனிவர் அம்மகனார்க்கு அருளுபதேசம் செய்து, தம் ஆசிரியராகிய சத்தியஞான தரிசனிகளின் பெயரைத் தமிழாக்கி ‘மெய்கண்டார்’ என இட்டனர். இதனை ஆழ்ந்து நோக்குக. ஆசிரியர் தம் ஆசிரியரது பெயரை மாணாக்கர்க்கு இடுகின்றார். தந்தை தன் தந்தையின் பெயரை மகனுக்கு இடும் தமிழ் வழக்கே அது. குருமரபில் மெய்கண்டார் சத்தியஞான தரிசனிகட்குப் ‘பெயரன்’ ஆகின்றார். குருதிவழியில் இருந்த பெயரன் முறை, அப்பூதியாரிடத்து அன்புவழிக்கு மாறி, மெய்கண்டாரிடத்து ஞானவழியில் முற்றுப்பெற்றது. சந்தானம் என்னும் சொல் மகப்பேற்றையும் குருமரபையும் ஒருங்கே குறிப்பது தற்செயல் அன்று.

அயலார் வழக்கு

இவ்வன்பு நம்மவர்க்கே உரியது என்று கூறுதல் நேர்மையன்று. திருப்பெரும்பூதூரிற் பிறந்த இராமாநுசர், ஆளவந்தாரது உள்ளக்கருத்தை நிறைவேற்றுதற்பொருட்டு, கூரத்தாழ்வானின் மகனுக்குப் பராசரர் என்னும் பெயர் இட்டார் என வைணவ குருபரம்பரை கூறும். விட்டுணு புராணம் செய்த முனிவர்க்குச் செய்ந்நன்றியாக அப்பெயர் இடப்பட்டது. பாகவத புராணத்து அசாமிளன் வரலாறு, மகனுக்கு நாராயணன் எனப் பெயரிட்டிருந்த ஒருவன் இறக்கும்போது மகனை அழைத்த அளவிலே நற்கதி பெற்றான் என்னும். அங்கு நன்மை பெயரிட்டு அழைத்தவனுக்கு. திங்களூரிலோ நன்மை பெயர் பெற்றவனுக்கும் இட்டவர்க்கும் ஒருங்கே. இவ்வேறுபாட்டைக் குறிப்பது சமயப் பூசலுக்காக அன்று, நம் நெறியின் கருத்தைத் தெளிதற்கே.

பல்லாவரத்து அடிகள்

அண்மைக்காலத்திற்கு ஒரு சான்று கூறி முடிப்போம். 1876-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்திற் பிறந்தவர் மறைமலையடிகள். திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற மகவாதலின், அவர்க்கு அவ்விறைவன் பெயராகிய வேதாசலம் என்பதை இட்டனர் பெற்றோர். சுவேதவனப்பெருமாள் பெயர் வந்த வழியே இப்பெயரும் வந்தது. 1905-இற் சைவ சித்தாந்த மகா சமாசத்தை நிறுவிய அவர், 1911-இல் துறவு பூண்டு, மண்ணூர்க்குக் கிழக்கே உள்ள பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916-இல் தனித்தமிழ் நெறியை மேற்கொண்டு, தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கினார். 1950-இல் இறைவனடி சேர்ந்தார். வேதாசலம் மறைமலை ஆனபோதும் திருக்கழுக்குன்றத்து நினைவு அதனின்று நீங்கவில்லை. மொழி மாறினும் பொருள் மாறாது பெயரைக் காத்தமைக்கு மெய்கண்டார் வரலாறு முன்னோடி என்க.

அடிகள் தம் புதல்வர் நால்வர்க்கும் திருஞானசம்பந்தம், மாணிக்கவாசகம், திருநாவுக்கரசு, சுந்தரமூர்த்தி எனச் சமயகுரவர் நால்வர் பெயரையே இட்டனர். மகளிருள் ஒருவர் நீலாம்பிகை, ஒருவர் திரிபுரசுந்தரி. அவ்வில்லத்திற் பிள்ளைகளை உணவுக்கு அழைத்தலே நால்வரையும் நினைத்தல் ஆயிற்று.

தடையும் விடையும்

அபசாரம் அஞ்சித் திருப்பெயரை விலக்குவார்க்கு இனி விடை கூறுவோம். பெயர் சிதைவுறும் என்பதும், சினத்தில் அழைக்கப்படும் என்பதும் உண்மையே. ஆயினும் அப்பூதியார் எருமைக்கும் அப்பெயரை இட்டனரே! பொருளின் இழிவு பெயரைத் தீண்டுமாயின் அவர் செயல் பிழையாகி, நாவரசர் அதனை ஏற்றிரார். நாவரசர் அவ்வில்லத்தில் அமர்ந்து அமுது செய்தருளினார் என்பதே விடை. தீக்கையும் ஞானமும் பெறாத சிறுமகவும் திருப்பெயருக்கு உரியதே. இறைவன் பெயரும் உருவும் கடந்தவனாயினும், உயிர்கள் உய்தற்பொருட்டுப் பெயர் தாங்கி வருகின்றான். அத்துணை எளிமை அவனுக்கு இழுக்காகாதாயின், மகவின் தொட்டிலுக்கு இறங்கி வருதலும் இழுக்காகாது.

அபசாரம் பெயரில் இல்லை. அழைப்பார் நாவில் உள்ளது. அதற்கு மருந்து பெயரை விலக்குதல் அன்று, நாவைத் திருத்துதல். பிள்ளையைச் சினந்து அழைக்க வாயெடுத்த தாய், அழைக்கும் பெயர் நாவரசர் பெயர் என்று உணர்ந்து ஒரு கணம் நிற்பாளாயின், அக்கணமே அப்பெயரின் பயன். மகவுக்கு இட்ட பெயர் முதற்கண் திருத்துவது பெற்றோரையே.

முடிவு

ஆகவே, திருப்பெயர் தாயத்தும் அன்று. தீண்டத்தகாத பொருளும் அன்று. அது பெற்றோர் மேற்கொள்ளும் நோன்பு. மகவுக்கு ஊட்டும் நினைவு. அடியார் கூட்டத்தில் அம்மகவைப் ‘பெயரன்’ ஆக்கும் உறவு. பெயரிட்டபின் செய்யவேண்டுவன மூன்று. சுருக்கிச் சிதைக்காது முழுப்பெயர் கூறி அழைத்தல் ஒன்று. பிள்ளை அறிவறிந்த நாளில், அப்பெயர் யாருடையது, அவர் யாது செய்தார் என்பதைக் கதையாகக் கூறுதல் ஒன்று. அவ்வடியார் பாடிய பதிகம் ஒன்றையேனும், அவரால் வணங்கப்பட்ட தலம் ஒன்றையேனும் அப்பிள்ளைக்கு உரிமையாக்குதல் ஒன்று.

1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிவாளர்க்கு அறிவித்தல் வேண்டும். பெயரை அப்போதே எழுதாவிடினும், ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆதலின் விரைந்து ஏதேனும் ஒரு பெயரை எழுதிவிட வேண்டுவதில்லை. மண்ணூர்ப் பக்கத்தே புதிதாகக் குடியேறி, பாட்டன் ஊரையும் குலதெய்வத்தையும் நெடுந்தொலைவில் விட்டுவந்த அன்பர்கள், ஒரு விடுமுறை நாளில் மகவை ஏந்தித் திருவிற்கோலம் சென்று திரிபுராந்தகப் பெருமானை வணங்குக. அன்றேல் குன்றத்தூர் சென்று சேக்கிழார் பெருமானை வணங்குக. ஊர் விட்டவர்க்கு உறவு இல்லை என்பது உலகவழக்கு. அடியார் பெயரைத் தாங்கிய பிள்ளைக்குத் திருமுறை பாடும் ஊரெல்லாம் பாட்டன் ஊரே.

திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தரில் எழுதிய பெயர், வழிநடந்து இளைத்தார்க்கு நீர் தந்தது. நம் பிள்ளைகள் தாங்கும் பெயரும் அங்ஙனமே பிறர் தாகம் தீர்க்க நிற்குமாயின், அதனினும் சிறந்த நாமகரணம் பிறிதில்லை.

திருச்சிற்றம்பலம்.